மாதாவும் இடம்பெயர்ந்தவர்தான்

அன்பின் அண்ணா,

2009இல் முள்ளிவாய்க்காலில் தம்பியைத் தொலைத்தோம். இன்றுவரை தகவல் இல்லை. அம்மா பின்னேரத்தில் அவனுக்காகச் செபமாலை சொல்லுவா. பக்கத்தில் இருக்கிற எனக்கு வாய் வராது, கடவுள்மேல் கோபம்தான் வரும். விசுவாசம் உள்ளவர்கள் அழமாட்டார்கள் என்று ஒரு செபக்கூட்டத்தில் சொன்னார்கள். எனக்கு விசுவாசம் போய்விட்டதா?

ஒரு வாசகி, விசுவமடு

அன்பின் தங்கச்சி,

அப்படிச் சொன்னது பிழை. சிலுவையில் தொங்கியவரே, 'என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?' என்று கத்தினார். அது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். 88ஆம் சங்கீதத்தையும் எடுத்துப் பாருங்கள். இருட்டில் முடிகிறது. கடைசி வரியிலும் ஆறுதல் கிடையாது. அதையும் செபம் என்றுதான் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். கோபத்தைக் கடவுளிடமே கொண்டுபோய்க் கொட்டுகிற உங்களுக்கு விசுவாசம் எப்படிப் போகும்?

எங்கள் மண்ணையே பாருங்களேன். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்து, கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். 1687இல் யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, கிட்டத்தட்ட 30 வருடம், சனங்கள் வீட்டுக்குள் ஒளித்துத்தான் செபித்தார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. அந்தக் காலத்தில்தான் மாந்தைச் சனம் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்கு ஓடியது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்க, குருக்கள் மடுக் கோயிலில் இருந்த அதே சுரூபத்தைத் தேவன்பிட்டிக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்களைப் போல மாதாவும் ஓடினா. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

என் அம்மாவின் செபமாலை ஓட்டத்தில் எங்கேயோ அறுந்துபோனது. சண்டை முடிய எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கட்டிய நைலோன் கயிற்றில் ஒரு புரியைப் பிரித்து, பத்துப் பத்தாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தா. முடிச்சுகள் விரலை அராவும். சில நாள் மூன்றாவது முடிச்சோடு நின்றுவிடுவா. அருள்நிறைந்த மரியே என்று தொடங்கின சொல் முடியாது. விரல் மட்டும் முடிச்சைப் பிடித்தபடி இருக்கும், இருட்டும்வரை. அம்மா செபிக்கவில்லை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இன்றைக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருங்கள். வாய் வராவிட்டால் விடுங்கள், அம்மா சொல்லுவா.

ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு மடுவுக்குப் போகிறேன். தம்பியின் பெயரை எழுதி அனுப்புங்கள், மாதாவுக்கு முன்னால் சொல்லுகிறேன்.

அன்புடன்,
அண்ணா