லைன்ஸ்மேன் பதில்கள்: இந்த வாரம் வி.ஏ.ஆர். பஞ்சாயத்து

(சென்னை லீக் ஆட்டங்களில் பல வருடம் கொடி பிடித்தவர், வாசகர்களின் கால்பந்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற வி.ஏ.ஆர். வந்த பிறகும் தப்புத் தப்பாகத்தானே தீர்ப்பு வருகிறது? அத்தனை கேமரா எதற்கு? – மதுரை வாசகர்

கேமரா சரியாகத்தான் காட்டுகிறது. அதைப் பார்க்கிற ஆட்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்தான் கோளாறு. 2023 செப்டம்பர் 30, இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் டாட்டன்ஹாம் – லிவர்பூல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 34-வது நிமிடத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடிக்கிறார். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு (பந்து உதைபடும் கணத்தில் எதிரணியின் கடைசி டிஃபென்டரைத் தாண்டி நிற்பது) என்று கொடியைத் தூக்குகிறார். ஸ்டாக்லி பார்க் வி.ஏ.ஆர். அறையில் திரைமுன் உட்கார்ந்திருந்த டேரன் இங்லண்ட் கோடு போட்டுப் பார்க்கிறார். டியாஸ் சந்தேகமே இல்லாமல் ஆன்சைடு. இதுவரை எல்லாம் சரி.

ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆகவே 'சரிபார்த்தாகிவிட்டது' என்று மட்டும் சொன்னார். அங்கே மைதானத்தில் இருந்த ரெஃப்ரி சைமன் ஹூப்பர் காதில் இது எப்படி விழும்? 'ஆஃப்சைடு சரிதான்' என்று விழுந்தது. ஃப்ரீ கிக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்.

அந்த உரையாடலின் ஒலிப்பதிவைச் சில நாட்களில் வெளியிட்டார்கள். நான் இரண்டு மூன்று முறை கேட்டேன். தப்பை முதலில் கண்டுபிடித்தது ரெஃப்ரிகள் யாரும் இல்லை. ரீப்ளே ஓட்டுகிற ஆபரேட்டர். 'அங்கே ஆஃப்சைடு அல்லவா கொடுத்தார்கள், உங்களுக்குச் சம்மதமா?' என்று அவர்தான் கேட்கிறார். அறையில் பதற்றம். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி இன்னொருவர் குரல் கொடுக்கிறார். இங்லண்ட், 'என்னால் ஒன்றும் செய்ய முடியாது' என்கிறார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பழைய தீர்ப்புக்குத் திரும்பக் கூடாது என்பது விதி. 96-வது நிமிடத்தில் மடிப் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட, லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

'சரிபார்த்தாகிவிட்டது' என்பதற்குப் பதிலாக 'கோல், கோல் கொடுங்கள்' என்று சொல்லியிருந்தால் இந்த வம்பே இல்லை. கொடி பிடித்த காலத்தில் நாங்கள் வாயால் சொல்லி, கையாலும் காட்டுவோம். கோடிக்கணக்கில் செலவழித்த அறையில் அந்த அக்கறை இல்லை.

கட்டைவிரல் நீளத்துக்கெல்லாம் ஆஃப்சைடு கொடுக்கிறார்களே, நியாயமா? – சேலம் வாசகி

உங்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். சாதாரண ஒளிபரப்புக் கேமரா நொடிக்கு 50 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமான ஃபார்வர்ட் நொடிக்கு 10 மீட்டர் ஓடுவார். ஆக, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவர் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்டுக் கிளம்பிய கணம் எந்தப் படம் என்று கையால் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு மேல் கோடு போட்டு இரண்டு சென்டிமீட்டர் ஆஃப்சைடு என்பது அந்த நாளில் வெறும் பாவனைதான். கோபப்பட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

2022 கத்தார் உலகக்கோப்பையில் நிலைமை மாறியது. மைதானக் கூரைக்கு அடியில் 12 கேமரா. ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை குறித்துக்கொள்ளும். பந்துக்குள் ஒரு சென்சார். அது நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும். எந்தக் கணத்தில் உதை விழுந்தது என்பதில் இனி பெரிய வாக்குவாதத்துக்கு இடமில்லை. அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே ஈக்வடாரின் என்னர் வலென்சியா மூன்றாவது நிமிடத்தில் போட்ட கோல் இதில்தான் போனது. பிரீமியர் லீக் இதைக் கொண்டுவர 2025 ஏப்ரல் வரை ஆனது.

அளவு சரி என்றால் விரல் நுனியானாலும் ஆஃப்சைடு ஆஃப்சைடுதான் அம்மா. விதி பிடிக்கவில்லை என்றால் விதியை மாற்றட்டும், மெஷினை வைய வேண்டாம்.

ஜப்பான் – ஸ்பெயின் ஆட்டத்தில் பந்து வெளியே போனதை உலகமே டிவியில் பார்த்தது. கோல் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இன்னும் சண்டை ஓயவில்லை. தீர்த்து வையுங்கள். – தூத்தூர் வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

தூத்தூர்க்காரருக்குக் கால்பந்து சொல்லித்தர நான் யார்? இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள்.

வீட்டில் பந்து இருந்தால் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பந்தின் அடி கோட்டைத் தாண்டித் தரையில் படுகிற மாதிரி வையுங்கள். கோட்டுக்கும் பந்து தரையைத் தொடும் இடத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி தெரியட்டும். பக்கத்தில் சாய்வாக நின்று பார்த்தால் பந்து சுத்தமாக வெளியே. இப்போது நேர் மேலே குனிந்து பாருங்கள். பந்தின் வயிறு கோட்டுக்கு மேலே தொங்கும். பந்தின் குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர். அது தரையைத் தொடுவதோ ஒரே ஒரு புள்ளியில். முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் வெளியே என்பது விதி.

2022 டிசம்பர் 1 அன்று கத்தார் உலகக்கோப்பையில் ஜப்பானின் மிதோமா பந்தை உள்ளே இழுத்தபோது கோட்டுக்கு மேலே மிச்சம் இருந்தது 1.88 மில்லிமீட்டர் என்று செய்தி வந்தது. தனாகா கோல் போட்டார், ஜப்பான் 2-1, அதே பிரிவில் இருந்த ஜெர்மனி வீட்டுக்குப் போனது. நீங்கள் பார்த்த படம் சாய்வான கோணத்தில் எடுத்தது. அவ்வளவுதான் விஷயம். சண்டையை நிறுத்திவிட்டு டீ குடியுங்கள்.

அப்படியென்றால் தோஹாவில் நமக்கு நடந்தது? – கோவை வாசகர்

அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 2024 ஜூன் 11, கத்தாருக்கு எதிராக உலகக்கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். சாங்தே 37-வது நிமிடத்தில் கோல் போட்டு இந்தியா முன்னிலை. சேத்ரி ஓய்வு பெற்ற பிறகு முதல் ஆட்டம், கோல்கீப்பர் குர்பிரீத் கேப்டன். 73-வது நிமிடத்தில் கத்தாரின் யூசுப் அய்மன் தலையால் முட்டியதை குர்பிரீத் தடுக்கிறார். பந்து கோல் கம்பத்தின் பக்கத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டி உருண்டு போகிறது. கார்னர் என்று நம் ஆட்கள் நின்றுவிட்டார்கள். வெளியே போன பந்தை ஒரு கத்தார் வீரர் காலால் உள்ளே இழுத்துவிட, அய்மன் வலைக்குள் தள்ளிவிட்டார். கோல்!

இங்கே மில்லிமீட்டர் கணக்கே தேவையில்லை. பந்து சாவகாசமாக வெளியே போய்விட்டு வந்தது. ஆனால் ஆசியத் தகுதிச் சுற்றின் அந்தக் கட்டத்தில் வி.ஏ.ஆர். கிடையாது. அதன்பின் இன்னொரு கோல் வாங்கி 2-1. வென்றிருந்தால் முதல் முறையாக மூன்றாம் சுற்றுக்குப் போயிருப்போம், குவைத் போனது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் புகார் கொடுத்தது. முடிவு மாறவில்லை.

'வி.ஏ.ஆர். கால்பந்தைக் கெடுத்துவிட்டது' என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால் இந்த ஆட்டத்தைத்தான் காட்டுகிறேன். கோடு சம்பந்தப்பட்ட விஷயம் எதுவானாலும் மெஷினிடம் கொடுத்துவிட வேண்டும். லைன்ஸ்மேனாக இருந்த நானே சொல்கிறேன்.

சேத்ரி போட்ட அந்த ஃப்ரீ கிக் கோலை வி.ஏ.ஆர். இருந்தால் ரத்து செய்திருக்குமா? – ஒரு கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர், பொள்ளாச்சி

உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் செய்திருக்காது. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) நாக் அவுட். கூடுதல் நேரத்தில் ஃப்ரீ கிக். பிளாஸ்டர்ஸ் ஆட்கள் சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே பெங்களூருவின் சேத்ரி பந்தைத் தூக்கி வலையில் போட்டார். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று ரெஃப்ரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டதாக அவர் பிறகு சொன்னார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியோடு வெளியேற, ஆட்டம் பெங்களூருக்கே போனது. கிளப்புக்கு நாலு கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை.

வி.ஏ.ஆர். அப்போது பார்த்தது அடிப்படையில் நாலே விஷயம்: கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறிக் கார்டு கொடுப்பது. ஃப்ரீ கிக்கை எப்போது எடுக்கவிட்டார் என்பது ரெஃப்ரியின் பொறுப்பு. வேகமாக எடுக்க விதியில் இடம் உண்டு. ஆனால் சுவரை 9.15 மீட்டர் தள்ளி நிறுத்த ரெஃப்ரி இறங்கிவிட்டால், விசிலுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். எனவே கேள்வி, அவர் அந்த வேலையில் இறங்கினாரா இல்லையா என்பதுதான். எந்தக் கேமராவும் அதற்குப் பதில் சொல்லாது. என்னைக் கேட்டால், அந்த இடத்தில் அந்த நேரத்தில் விசிலைக் காட்டி 'பொறு' என்று சைகை செய்வதுதான் புத்தி. வெளியேறியது அதைவிடப் பெரிய தப்பு.

ஆஃப்சைடு என்று தெரிந்தும் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்காமல் கூடவே ஓடுகிறாரே, ஏன்? – விழுப்புரம் வாசகர்

என் பேட்டைக் கேள்வி! கொடி முன்கூட்டியே எழும்பி, விசில் அடித்து, அப்புறம் ஆன்சைடு என்று தெரிந்தால் போன கோலைத் திரும்பக் கொடுக்க முடியாது. அதனால் நெருக்கமான விஷயமென்றால் ஓட்டம் முடியட்டும், பிறகு தூக்கு என்று உத்தரவு.

எங்கள் காலத்தில் ஆஃப்சைடு பார்ப்பது பாதி காது வேலை. கண் கடைசி டிஃபென்டர் மேலேயே இருக்கும்; பந்தைப் பார்க்கவே மாட்டோம். 'தொப்'பென்று உதைச் சத்தம் கேட்ட கணத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு. வியாசர்பாடி மாதிரி இடத்தில் கூட்டம் கத்தினால் காதும் போச்சு. அப்படியிருந்தும் சந்தேகமில்லாத ஆஃப்சைடுக்குக் கை தானாகப் போகும்.

அந்தக் கையைக் கட்டிப்போடுவதில் ஆபத்து இருக்கிறது. 2025 மே மாதம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் – லெஸ்டர் ஆட்டத்தில் ஃபாரஸ்டின் எலங்கா தெளிவாக ஆஃப்சைடு. கொடி எழவில்லை. அவர் கொடுத்த பந்துக்குப் பாய்ந்த அவோனியி கோல் கம்பத்தில் மோதி, வயிற்றில் அறுவை சிகிச்சை செய்து, மயக்க நிலையிலேயே வைத்திருக்க வேண்டிய அளவுக்குக் காயம். நடந்திருக்கவே வேண்டாத ஓட்டம் அது. இவ்வளவு தெளிவான ஆஃப்சைடுக்கெல்லாம் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கிரிக்கெட் டி.ஆர்.எஸ். மாதிரி கேப்டன் கேட்டால் மட்டும் பார்க்கலாமே? – தஞ்சாவூர் வாசகர்

கிட்டத்தட்ட அதே யோசனை ஏற்கெனவே வந்துவிட்டது. 2024-இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக்கோப்பையில் ஃபிஃபா ஒத்திகை பார்த்தது. தனி வீடியோ ரெஃப்ரி கிடையாது. பயிற்சியாளர் விரலைச் சுழற்றிக் காட்டி, நாலாவது நடுவரிடம் ஒரு அட்டையைக் கொடுத்தால், ரெஃப்ரியே ஓரத்தில் உள்ள திரையில் போய்ப் பார்ப்பார். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு முறை. கேட்டது சரியென்றால் வாய்ப்பு குறையாது. நாலைந்து கேமரா இருந்தால்கூடப் போதும்.

நம் ஐ.எஸ்.எல்.லுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது. பெரிய வி.ஏ.ஆர். அறை கட்டக் காசில்லை என்று இத்தனை வருடம் கைவிரித்தாகிவிட்டது. இதையாவது செய்யலாம்.

பெனால்டி பாக்ஸில் பந்து கையில் பட்டால் எது ஹேண்ட்பால், எது இல்லை? – நாமக்கல் வாசகி

அடுத்த கேள்வி!

சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2018 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டது. ரெஃப்ரி பித்தானா திரையில் பார்த்துவிட்டுத் திரும்பினார், நாலடி நடந்தார், மறுபடி போய்ப் பார்த்தார், பெனால்டி கொடுத்தார். பிரான்ஸ் 4-2. அந்த மனிதருக்கே இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது என்றால், மெதுவாக ஓட்டிக் காட்டுகிற வீடியோ இதற்கு உதவாது என்று அர்த்தம். மெதுவாக ஓட்டினால் எல்லாக் கையும் வேண்டுமென்றே நீட்டிய கை மாதிரிதான் தெரியும். கை விஷயத்தை மைதானத்தில் நிற்பவரின் முதல் பார்வைக்கே விட்டுவிடலாம் என்பேன்.

தப்பான தீர்ப்புக்கு நஷ்ட ஈடு கிடைத்ததுண்டா? – ஈரோடு வாசகர்

உண்டு. 2009 நவம்பரில் பிரான்ஸின் தியரி ஆன்றி கையால் பந்தை நிறுத்திக் கொடுக்க, கல்லாஸ் கோல் அடித்து, அயர்லாந்து உலகக்கோப்பை வாய்ப்பை இழந்தது. வழக்குப் போடாமலிருக்க ஃபிஃபா 50 லட்சம் யூரோ கொடுத்தது 2015-இல்தான் வெளியே வந்தது. ஸ்டேடியம் கட்டக் கொடுத்த கடன் என்று ஃபிஃபா விளக்கம் சொன்னது. அந்தக் கடன் 2014-இலேயே தள்ளுபடியும் ஆகியிருந்தது. கேட்டால் கிடைக்கும் போல!

வி.ஏ.ஆர். வேண்டாம் என்று எந்த நாடாவது சொல்லியிருக்கிறதா? – புதுச்சேரி வாசகர்

ஸ்வீடன். அங்கே கிளப்புகளில் ரசிகர் உறுப்பினர்கள் கையில்தான் பெரும்பான்மை ஓட்டு. 2024-இல் வேண்டாம் என்று முடிவு. பக்கத்து நார்வேயில் 2023 முதல் இருக்கிறது. 2024 ஜூலையில் ரோசன்போர்க் – லில்லெஸ்ட்ரோம் ஆட்டத்தில் ரசிகர்கள் எதிர்ப்புக் காட்ட மீன் கட்லெட்டுகளையும் டென்னிஸ் பந்துகளையும் மைதானத்தில் வீசி, ஆட்டமே கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் வூல்வ்ஸ் கிளப் அதே வருடம் ரத்து கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தது. எதிர்த்து 19 ஓட்டு, ஆதரித்து 1. அந்த ஒன்று வூல்வ்ஸ்தான்.

1966 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் அடித்த பந்து உண்மையிலேயே கோட்டைத் தாண்டியதா? – காரைக்குடி வாசகர்

முழுசாகத் தாண்டவில்லை என்பதுதான் என் கட்சி. ஆனால் ரெஃப்ரி டீன்ஸ்ட் போய்க் கேட்டபோது, லைன்ஸ்மேன் டோஃபிக் பஹ்ராமோவ் தலையை ஆட்டிவிட்டார், கோல். அவர் அஜர்பைஜான்காரர். பாக்குவில் உள்ள ஒரு பெரிய ஸ்டேடியத்துக்கு இன்று அவர் பெயர்தான். வாசலில் சிலைகூட இருக்கிறது. 2004-இல் அந்தச் சிலையைத் திறந்தபோது ஹர்ஸ்டே நேரில் போயிருந்தார். போகாமல் இருப்பாரா!