தாலுகா ஆபீஸும் கார்ட்வெய்னர் ஸ்மித்தும்

ஐயா, வணக்கம்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பகலெல்லாம் பட்டா மாறுதல், வாரிசுச் சான்று. ராத்திரி உட்கார்ந்து அறிவியல் கதைகள் எழுதுகிறேன். இதுவரை 7 கதைகள், எல்லாம் புனைபெயரில். ஆபீஸில் யாருக்கும் தெரியாது; தெரிந்தால் கிண்டல் செய்வார்கள். வேலையை விட்டுவிட்டு எழுதினால்தான் எழுத்தாளன், புனைபெயர் கோழைத்தனம் என்கிறார் என் நண்பர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

வேலையை விடாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. புனைபெயர் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அதற்கு கார்ட்வெய்னர் ஸ்மித் என்ற அமெரிக்க அறிவியல் கதை எழுத்தாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய, அட்டை போன ஒரு தொகுப்பில்தான் அவரை முதலில் படித்தேன். கதையின் பெயர் ‘ஸ்கேனர்ஸ் லிவ் இன் வெயின்’. ஒருவன் கோபத்தில் அறையைக் கடக்கிறான். மேஜை சாய்கிறது. சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து, பெரிய சத்தம் வந்திருக்கும் என்று தெரிந்துகொள்கிறான். பிறகு குனிந்து, கால் உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறான். உடைந்திருந்தாலும் வலி தெரியாதே! விண்வெளியின் வேதனையைத் தாங்குவதற்காகக் கண்ணைத் தவிர மற்ற புலன்களையெல்லாம் அறுத்துவிட்ட மனிதர்கள் இவர்கள். தன் உடம்பின் நிலவரத்தை நெஞ்சில் பதித்த அளவுமானிப் பெட்டியின் முட்களைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அந்த முதல் பத்தியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆனது.

1945இல் எழுதிய கதை. பெரிய பத்திரிகைகள் திருப்பி அனுப்ப, 1950இல் ‘ஃபேன்டஸி புக்’ என்ற சிற்றிதழில் வந்தது. அதே இதழில் ஃபிரெடரிக் போல், அசிமோவ் என்ற இரண்டு அறிவியல் கதை எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிய கதை ஒன்றும் இருந்தது. ஸ்மித்தின் கதையைப் படித்துவிட்டு, ஃபிரெடரிக் போல் அதை 1952இல் தன் தொகுப்பில் சேர்த்தார். இல்லையென்றால் அந்தக் கதை அங்கேயே மக்கிப்போயிருக்கும்.

யார் இந்த ஸ்மித்? உண்மைப் பெயர் பால் லைன்பார்கர். 1913இல் மில்வாக்கியில் பிறந்தவர். அப்பா சீனத் தலைவர் சன் யாட் சென்னின் சட்ட ஆலோசகர். சன் யாட் சென்தான் பையனுக்கு ஞானத்தந்தை. 23 வயதில் முனைவர் பட்டம், போர்க்காலத்தில் சீனாவில் ராணுவ உளவுப் பணி, பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேராசிரியர். 1948இல் உளவியல் போர் பற்றி ஒரு பாடநூலே எழுதினார். எதிரி சிப்பாயைத் துண்டுப் பிரசுரத்தால் துப்பாக்கியைக் கீழே போட வைப்பதுதான் அவருடைய தொழில்.

கொரியப் போரில் சீனச் சிப்பாய்களுக்குச் சரணடைவது மானக்கேடு. லைன்பார்கர் ஒரு பிரசுரம் எழுதினார். அன்பு, கடமை, மனிதநேயம், அறம் என்ற பொருளில் நான்கு சீனச் சொற்கள். வரிசையாகக் கத்தினால் போதும். கத்துகிறவனுக்கு அது அறம். அந்தப் பக்கம் துப்பாக்கியோடு நிற்கும் அமெரிக்கனின் காதில் ‘ஐ சரண்டர்’ என்று விழும். தன் வாழ்க்கையில் செய்த உருப்படியான காரியமாக இதைத்தான் அவர் நினைத்தார்.

இப்போது 1955இல் வந்த ‘தி கேம் ஆஃப் ராட் அண்ட் டிராகன்’ கதையைப் பாருங்கள். கப்பல்களைத் தாக்கும் ஏதோ ஒன்று விண்வெளியில் இருக்கிறது. மனித மனத்துக்கு அது டிராகன். கூடவே சண்டைக்கு வரும் பூனைகளுக்கோ வெறும் எலி. அதனால்தான் பூனை பயப்படாமல் பாய்கிறது. பிரசுரம் எழுதிய அதே கைதானே இது? ஒரே பொருள், எதிர்ப்பக்கம் நிற்பவனுக்கு என்னவாகத் தெரிகிறது என்பதைத்தான் அவர் பகலெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தார். வேலை அவர் எழுத்தைத் தின்னவில்லை, தீனி போட்டது. (பிரசாரம் நல்ல தொழில் என்று நான் சொல்ல வரவில்லை. மலாயாவில் பிரிட்டிஷாருக்கும் ஆலோசகராக இருந்தவர் அவர். வியட்நாம் போர் தப்பு என்று ஒதுங்கிக்கொண்டார், அது ஒரு ஆறுதல்.)

சரி, புனைபெயர். முதலில் ஃபெலிக்ஸ் ஃபாரஸ்ட் என்ற பெயரில் இரண்டு நாவல்கள் எழுதினார். அது யார் என்று ஆட்கள் கண்டுபிடித்ததும், அந்தப் பெயரில் அவருக்கு எழுத்தே ஓடவில்லை. கார்மைக்கேல் ஸ்மித் என்று மாற்றினார், அதையும் கண்டுபிடித்தார்கள். அப்புறம்தான் கார்ட்வெய்னர் ஸ்மித் நிலைத்தது. கார்ட்வெய்னர் என்றால் பழைய ஆங்கிலத்தில் செருப்புத் தைப்பவர், ஸ்மித் என்றால் கொல்லர். 1966இல் 53 வயதில் இறந்த பிறகுதான் பெரும்பாலான வாசகர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்தது. இதைக் கோழைத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. யாரும் பார்க்காதபோதுதான் சிலருக்குக் கை ஓடும். உங்களுக்கும் அப்படியென்றால் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். கிண்டலுக்குப் பயந்து மட்டும் என்றால், அந்தப் பயம் இரண்டு புத்தகத்தில் போய்விடும். அரசு ஊழியர் நடத்தை விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது வேறு தலைவலி.

முப்பத்துச் சொச்சம் கதைகள், ஒரு அறிவியல் நாவல். அவ்வளவுதான் ஸ்மித். நீங்கள் அதற்குள் ஏழு எழுதிவிட்டீர்கள். ஒரே சர்வே எண்ணுக்கு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பத்திரத்தோடு உங்கள் மேஜை முன்னால் நிற்பார்களே, இருவருக்கும் அது ஒரே நிலமா? அந்த ஏழில் ஒன்றிலாவது தாலுகா ஆபீஸ் வருகிறதா? வந்தால் அதை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.