கேள்வி–பதில்: ஒரு விசில், இரண்டு வேலை

கேள்வி: மகனோடு ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். ரக்பி லீக் போட்டிகள் பார்க்கிறேன். நடுவர் திடீரென்று கையை ஆட்டி ‘சிக்ஸ் அகைன்’ என்கிறார். எதற்கென்றே புரிவதில்லை. இதைச் சரிசெய்ய வழியே இல்லையா?
– ஒரு வாசகி, வென்ட்வொர்த்வில், சிட்னி

பதில்: மைதானத்தில் என் பக்கத்து இருக்கைக்காரரும் இதையேதான் கேட்பார், கொஞ்சம் காரமான சொற்களில். ஏழு வருஷம் பையன்கள் ஆட்டங்களில் கோட்டோரம் கொடி பிடித்தவன் நான். அதனால் நடுவர் கட்சி என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள்தான், அதாவது எதிரணி ஆறு முறை மடக்கிப் பிடிக்கும் வரைதான் வாய்ப்பு. ‘சிக்ஸ் அகைன்’ என்றால் அந்த எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. ஒரு டேக்கிள் முடிந்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விழுந்தவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னே உருட்ட வேண்டும். மேலே கிடப்பவர் அவர் சட்டையை விட மாட்டார். எழும்போதும் அவர் முதுகிலேயே கையை ஊன்றி, நிதானமாக எழுவார். அந்த ஒரு நொடியில் தடுக்கும் அணியின் மற்றவர்கள் வரிசை கட்டிவிடுவார்கள். நடுவர் இதைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். அதே நொடியில், தன் இருபுறமும் தடுப்பு வரிசை பத்து மீட்டர் பின்வாங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கழுத்து ஒன்றுதானே!

2009 முதல் இந்த வேலைக்கு இரண்டு நடுவர்கள் இருந்தார்கள். கொரோனா இடைவேளை முடிந்து 2020 மே மாதம் ஆட்டம் திரும்பியபோது ஒருவரை எடுத்துவிட்டார்கள். எழவிடாமல் இழுத்தடித்தால் பெனால்டிக்குப் பதில் புதிதாக ஆறு டேக்கிள் என்ற விதியும் அப்போது வந்ததுதான். வேகம் கூடியது, மறுக்கவில்லை. ஆனால் முதல் டேக்கிளிலேயே வேண்டுமென்று இழுத்தடித்தால் எதிரணிக்கு என்ன பெரிய லாபம்? அணிகள் கணக்குப் போட்டுவிட்டன. கடைசியில், பந்து வைத்திருக்கும் அணி தன் 40 மீட்டருக்குள் இருந்தால் மறுபடியும் பெனால்டியே என்று 2022ல் திருத்த வேண்டிவந்தது.

என்னைக் கேட்டால், இரண்டாம் நடுவர் திரும்ப வேண்டும். செலவு இடிக்கிறதென்றால் பத்து மீட்டரை, கோட்டோரம் கொடி பிடிக்கும் டச் ஜட்ஜிடம் விட்டுவிடலாம். ஓரத்தில் நிற்பவருக்குத்தான் வரிசை நூல் பிடித்தாற்போலத் தெரியும். அப்புறம், கையை ஆட்டும்போதே ‘8ஆம் எண், காலை விடவில்லை’ என்று மைக்கில் சொல்லட்டும். இரண்டு நொடிகூட ஆகாது. உங்கள் மகனுக்கும் விதி பழகிவிடும்.

கேள்வி: பாஸ் முன்னால் போனது டிவியில் பளிச்சென்று தெரிகிறது, நடுவர் விட்டுவிடுகிறாரே?
– இன்னொரு வாசகர், பாரமட்டா

பதில்: ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி பாஸ் செய்யக் கூடாது, உண்மைதான். ஆனால் முழு வேகத்தில் ஓடுபவர் பின்னோக்கி விட்ட பந்தும் ஓட்டத்தின் வேகத்தில், தரையை வைத்துப் பார்த்தால், முன்னே நகர்ந்து விழலாம். பந்து கையை விட்டு எந்தப் பக்கம் கிளம்பியது என்பதே விதி. நாமோ சோபாவில் உட்கார்ந்து புல்லில் போட்ட கோட்டைப் பார்த்துக் கத்துகிறோம். நானும்தான்.