மக்காச்சோளப் பூஞ்சை நஞ்சு: வாங்குவோர் கேள்வி-பதில்

கே: 40 மூட்டை மக்காச்சோளம் வாங்கினேன். ‘அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இல்லை’ என்று விற்றவர் சோதனைச் சீட்டு காட்டினார். அரைத்துப் போட்டதும் வாத்துக் குஞ்சுகள் சாகத் தொடங்கின. இப்போது ஆய்வகம் 300 பிபிபி (நூறு கோடிப் பங்கில் 300 பங்கு) என்கிறது. எது பொய்?

ப: இரண்டும் மெய்யாக இருக்கலாம், வயிற்றெரிச்சலே அதுதான். நஞ்சு சரக்கு முழுக்க ஒரே சீராகப் பரவாது. ஆயிரக்கணக்கான மணிகளில் பூஞ்சை ஏறிய ஒன்றிரண்டில் குவிந்து கிடக்கும். மேல்மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்தால், சீட்டு அந்தக் கைப்பிடிக்குத்தான் சாட்சி. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கைப்பிடி வியாபாரம் ஓயவில்லை. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று குத்தூசி இறக்க வேண்டும். சேர்ந்தது 5 கிலோவாவது இருக்க வேண்டும். அதை முழுசாக, காப்பித்தூள் பதத்துக்கு அரைத்துக் கலந்த பிறகுதான் சோதனைக்கு 50 கிராம் எடுக்கலாம். அரைக்காத மணியில் 50 கிராம் எண்ணிப் போடுவது குலுக்கல் சீட்டு. ‘இல்லை’ என்ற சொல்லையும் நம்பாதீர்கள். 20 பிபிபியைத் தாண்டினால்தான் காட்டும்படி வெட்டுக்கோடு வைத்த சோதனைப் பட்டை 15 பிபிபி இருந்தாலும் ‘இல்லை’ என்றே காட்டலாம். எண்ணைக் கேளுங்கள். இதில் உங்கள் மேல் பிழையில்லை. மிச்ச மூட்டைகளையும் தீவனத்தையும் கொட்டிவிடாதீர்கள். விற்றவர் முன்னிலையில் மறுபடி மாதிரி எடுத்து, ஒரு பங்கை இருவரும் கையொப்பமிட்டு முத்திரை வையுங்கள். வழக்குக்கு நிற்பது அதுதான்.

கே: புற ஊதா விளக்கில் பார்த்தேன், மினுக்கம் இல்லை. வாங்கலாமா?

ப: பூஞ்சை ஏறிய மணியில் அந்த விளக்கில் தெரியும் பச்சை-மஞ்சள் ஒளி அஃப்ளாடாக்சினுடையது அல்ல, அதே பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலத்தால் வருவது. நாளாக ஆக மங்கும். மின்னினால் சந்தேகப்படலாம், மின்னாததை நற்சான்றாக எடுக்கக் கூடாது. நானும் ஒரு விளக்கு வாங்கினேன். இப்போது இரவில் தேள் தேட உதவுகிறது.

கே: ஈரம் 18 சதவீதம், விலை மலிவு. வறுத்துவிட்டால் போதாதா?

ப: போதாது. பூஞ்சை சாகும், நஞ்சு முழுசாகப் போகாது.

கே: ஈரமானி 13 சதவீதம் காட்டியது. இரண்டு வாரத்தில் நடுமூட்டை சூடேறிப் பூசணம் பிடித்துவிட்டது.

ப: எத்தனை மூட்டையில் வைத்துப் பார்த்தீர்கள்? 11-ம் 16-ம் கலந்த சரக்கிலும் சராசரி 13 வரும். பூசணம் 16-இல் பிடிக்கும். உலர்த்தியில் இருந்து வந்த சூடு ஆறாத மணியை அளந்தாலும் கணக்குத் தப்பும். ஆறவிட்டு, மூட்டை மூட்டையாகப் பார்க்காமல் பணம் கொடுத்தது உங்கள் அவசரம்.

கே: எல்லா நஞ்சையும் பிடிக்கும் என்று ஒரு களிமண் பொடி விற்கிறார்கள். பன்றிப் பண்ணைக்கு வாங்கலாமா?

ப: பென்டனைட் என்ற களிமண் அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடிக்கும். அந்த நஞ்சின் தட்டையான மூலக்கூறு களிமண் அடுக்குகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும். பன்றிகளை வாட்டும் சியாரலெனோன், டிஆக்ஸிநிவலெனால் என்ற வேறு இரண்டு பூஞ்சை நஞ்சுகளிடமும் அந்தப் பாச்சா பலிக்காது. ‘எல்லா’ என்று அச்சடித்த பையைக் கண்டால், எந்தெந்த நஞ்சு, எந்த விலங்கில் சோதித்தது என்று கேளுங்கள். விலங்கில் இல்லாமல் கண்ணாடிக் குழாயில் மட்டும் சோதித்த கணக்கைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: சலித்தால் பயன் உண்டா?

ப: உண்டு. உடைந்த மணியிலும் தூசியிலும்தான் நஞ்சு அதிகம். சலித்த பிறகும் சோதனை வேண்டும். சலித்துக் கழித்ததை வீணாகிறதே என்று கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.