முதுகுவலி மாத்திரையும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும்

கேள்வி: வயது 38. கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு இடையிலான டிஸ்க் விலகலுக்கு 8 மாதமாக டிரமடால், டுலாக்சிடின் சாப்பிடுகிறேன். விறைப்பு முன்போல் இல்லை, விந்து வரவும் வெகுநேரம் ஆகிறது. மாலை 5 மணிக்கு எடுத்த பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் 270. ஹார்மோன் ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா? எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை.

பதில்: இப்போது போடாதீர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் பிட்யூட்டரி சுரப்பி விதைப்பைக்கு அனுப்பும் எல்எச், எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன்கள் குறைந்துவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். குழந்தைக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு அது பெரிய இழப்பு.

டெஸ்டோஸ்டிரோன் ஆசையைத் தூண்டுவதோடு நிற்பதில்லை, தண்டுவடத்திலும் வேலை செய்கிறது. விறைப்புக்கான அனிச்சைச் செயல் தண்டுவடத்தின் அடிநுனியில், எஸ்2 முதல் எஸ்4 வரை எண்ணிட்ட பகுதியில் நடக்கிறது. விந்தைப் பீய்ச்சும் தசைகளுக்கான நரம்பணுக்களும் அங்கேதான். விதைப்பை நீக்கிய எலிகளில் இந்த அணுக்களின் கிளைகள் சுருங்கின. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்ததும் மீண்டும் நீண்டன. மூளையிலிருந்து இறங்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனும் இந்த இடத்தை முடுக்கிவிடும். செரடோனின் என்ற நரம்பு வேதிப்பொருளோ, பெரும்பாலும் கடிவாளம் போடும்.

உங்கள் மாத்திரைகளைப் பாருங்கள். இரண்டுமே செரடோனினைக் கூட்டுபவை. விந்து தாமதமாவதற்கு அதுவே போதுமான காரணம். டிரமடால் ஓபியாய்டு, அதாவது அபின் போலச் செயல்படும் வலிநிவாரணி வகை. மாதக்கணக்கில் எடுத்தால் டெஸ்டோஸ்டிரோனையும் இறக்கலாம். ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், உடம்பு தாங்காது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்தச் சிக்கலைக் கூச்சப்படாமல் சொல்லி, படிப்படியாகக் குறைக்கவோ மாற்றவோ கேளுங்கள்.

270 என்ற எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது. மாலையில் அளவு இயல்பாகவே இறங்கும். காலை 8 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இரண்டு முறை எடுங்கள். இரண்டிலும் 300-க்குக் கீழே இருந்தால்தான் குறைவு என்போம். எல்எச், புரோலாக்டின் ஹார்மோன்கள், தைராய்டுக்கான டிஎஸ்எச், சர்க்கரை அளவையும் சேர்த்துப் பாருங்கள். விந்தணுப் பரிசோதனையும் தேவை.

தண்டுவடம், முதுகெலும்பில் உங்கள் டிஸ்க்குக்கு மேலே உள்ள எல்1-எல்2 மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் டிஸ்க் இருக்குமிடத்தில் ஓடுவது அதிலிருந்து வால்போல இறங்கும் நரம்பு வேர்கள். எஸ்2, எஸ்3, எஸ்4 வேர்களும் அதில் உண்டு. சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விடியற்காலை விறைப்பு நன்றாக இருக்கிறதா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். இருந்தால் நரம்பும் ரத்தக்குழாயும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன.

இதெல்லாம் சரியாகும்வரை விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை 50 மி.கி. உதவலாம். மருத்துவர் சீட்டோடு வாங்கி, உறவுக்கு ஒரு மணி நேரம் முன், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடாமல் எடுக்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகச் சரியும்.