24 எழுத்துப் பெயரும் இரண்டேகால் லட்சம் ரூபாயும்

அம்மா, சென்ற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் மகளையும் தங்கள் அண்ணனையும் அழைத்துக்கொண்டு வந்தபோது, முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல் ‘கவலைப்படாதீர்கள்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். செயற்கை நுண்ணறிவுச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றுக்காக ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து 2,25,000 ரூபாய் கட்டப்போகிறீர்கள் என்பது கவலைப்பட வேண்டிய செய்திதான். அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். அதற்கான காரணத்தைத் தங்கள் மகளே, மாமா பேசி ஓய்ந்த இடைவெளியில், ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவள், வகுப்பிலுள்ள அறுபது பேரின் பெயர்களை வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றை சி மொழியில் எழுதியிருக்கிறாள். ஐம்பத்தொன்பது பெயர்களுக்கு ஒழுங்காக ஓடியது, ஒரே ஒரு பெயரைச் சேர்த்தால் நின்றுபோனது. தலைப்பெழுத்து, புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து ஆங்கிலத்தில் சரியாக 24 எழுத்து வரும் பெயர் அது. ஒரு புள்ளியை எடுத்து 23 ஆக்கினால் ஓடுகிறது. ஓர் எழுத்தைக் கூட்டி 25 ஆக்கினாலும் ஓடுகிறது. இதைக் கண்டுபிடிக்க இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்ததாக அவள் சொன்னபோது தாங்கள் தூக்கம் கெடுவதை எண்ணி வருந்தினீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் முகம் மலர்ந்தது அப்போது மட்டும்தான் என்பதை நான் கவனித்தேன்.

தவறு மிகச் சிறியது. சி-யில் ஒவ்வொரு எழுத்துச் சரத்தின் முடிவிலும், ‘இத்தோடு முடிந்தது’ என்று காட்டும் ஒரு பூஜ்ய பைட் நிற்க வேண்டும். அவள் அதற்கு இடம் ஒதுக்க மறந்திருந்தாள். 64 பிட் லினக்ஸில், நினைவகத்தில் இடம் ஒதுக்கும் ‘மாலாக்’ கட்டளை தரும் இடம் 24, 40, 56 பைட் என்ற படிகளில்தான் கிடைக்கும். ஆகவே அறுபது பெயர்களிலும் இருந்த தவறு மிச்ச இடத்தில் ஒளிந்துகொண்டு, மிச்சமே இல்லாத 24இல் மட்டும் வெளியே வந்திருக்கிறது. கருவி எதுவும் இல்லாமல், எழுத்துகளை விரல்விட்டு எண்ணியே இந்த இடம் வரை வந்த பிள்ளையைத்தான் ‘கோடிங் வராதவர்கள் போகும் வேலை டெஸ்டிங்’ என்று தங்கள் அண்ணன் அடக்கினார்.

தாங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருப்பவர். பவர் டேபிளிலேயே கண்ணில் பட்ட தையல் குறைக்கும், பெட்டி கப்பலேறிய பிறகு தெரியவரும் குறைக்கும் செலவில் உள்ள வேறுபாட்டைத் தங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த வேலையை மட்டம் என்று தங்கள் எதிரிலேயே ஒருவர் சொன்னபோது தாங்கள் மறுத்துப் பேசாததுதான் எனக்கு வியப்பு.

அவளுக்கு நான் சொல்லும் வழி, சி நிரல்களைச் சோதிக்கும் கருவிகளைக் குறைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கக் கற்பது. கல்லூரி ஆய்வகத்தில் இன்னமும் நீலத் திரை டர்போ சி-தான் என்றாள். முழு எண் 32,767ஐத் தாண்டினால் எதிர்மறையாகிவிடும் அந்தக் காலத்துக் கம்பைலரை, அதாவது நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளை, தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் ஜி.சி.சி. என்ற இன்றைய கம்பைலர் போதும். எச்சரிக்கைகளைக் காட்டும் ‘வால்’ (-Wall), ‘எக்ஸ்ட்ரா’ (-Wextra) என்ற இரு தெரிவுகளையும் எப்போதும் திறந்துவைத்து, கம்பைலர் சொல்லும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் தீர்த்த பிறகே நிரலை ஓட்டும் பழக்கம் முதலில் வரவேண்டும்.

அடுத்தது, ஒதுக்கிய நினைவிடத்தின் எல்லையை நிரல் மீறுவதைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர். கம்பைல் செய்யும்போது அதற்கான தெரிவையும், வரி எண்களைக் காட்ட உதவும் ‘-g’ தெரிவையும் சேர்த்தால் போதும். அந்த நிரல் முதல் பெயரிலேயே நின்று, எந்த வரியில் எல்லை மீறியது, அந்த இடம் எந்த வரியில் ஒதுக்கப்பட்டது என்ற இரண்டையும் காட்டியிருக்கும். இரவு இரண்டு மணி வரை விழித்திருக்க வேண்டியதில்லை. வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறையும், அவ்வளவுதான். ஆனால் மதிப்பே இடாத மாறியை (வேரியபிள்) படிக்கும் தவறு அதன் கண்ணில் படாது. அதற்கு வால்கிரைண்ட் என்ற இன்னொரு சோதனைக் கருவி வேண்டும். அது நிரலை இருபது முப்பது மடங்குகூட மெதுவாக்கும். ஆனால் மறுபடி கம்பைல் செய்யாமலே சோதிக்கும். அதே வால்கிரைண்ட், ஒரு செயற்கூற்றுக்குள் (ஃபங்ஷன்) அறிவித்த சாதாரண அணியின் (அரே) எல்லை மீறலைப் பெரும்பாலும் தவறவிடும். சானிடைசர் அதைப் பிடித்துவிடும். இரண்டையும் சேர்த்து ஓட்டவும் முடியாது. எந்தக் குறைக்கு எதை எடுப்பது என்ற இந்தத் தெளிவுதான் தொழில். கருவிகளின் பெயரை ஒப்பிப்பது அல்ல.

மூன்றாவது கருவி, ஓடும் நிரலை இடையில் நிறுத்தி ஆராய உதவும் ஜி.டி.பி. அது 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கியது. ‘பழைய சரக்கு’ என்று மாமா சிரிக்கக்கூடும், சிரிக்கட்டும். ஒரு மாறியின் மதிப்பை யார் மாற்றுகிறார்கள் என்று தெரியாதபோது, அதன் மீது காவல் வைத்து, மாறும் நொடியில் நிரலை நிறுத்த அதனால் முடியும். அவள் மின்னணுவியல் மாணவி என்பதால் இதில் கூடுதல் பயன் உண்டு: கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சில்லான மைக்ரோகண்ட்ரோலரின் பலகையில் ஓடும் நிரலையும் அதே ஜி.டி.பி.யால் மடிக்கணினியிலிருந்து நிறுத்திப் பார்க்கலாம். எஸ்.டி.எம்.32 நியூக்ளியோ என்ற வகைப் பலகைகளில் அதற்கான இணைப்புக் கருவி பலகையோடு சேர்ந்தே வருகிறது. இந்தத் திட்டத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அந்தப் பலகை ஒன்றுதான்.

அந்தப் பலகைக்குள் வால்கிரைண்ட் ஓடாது. எனவே கணக்கிடும் பகுதியைத் தனியே பிரித்து, மடிக்கணினியிலேயே யூனிட்டி கொண்டு சோதிக்க வேண்டும். விளையாட்டு உருவாக்கும் யூனிட்டி அல்ல, ஒரே ஒரு சி கோப்பும் இரண்டு தலைப்புக் கோப்புகளும் கொண்ட சிறு சோதனைச் சட்டகம். சோதனை தொடாத வரிகள் எவை என்பதை ஜி-கவ் (gcov) என்ற கருவி காட்டும். வாகன மின்னணுவின் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 26262 தரநிலை கேட்பதும் இத்தகைய சான்றுகளைத்தான். கார் உதிரிபாகத் தொழில் வேரூன்றிய சென்னையிலும் ஓசூரிலும் கோவையிலும் அதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு இரண்டு செய்திகள் போதும். கைபேசிகளுக்குள் இருக்கும் எஸ்.க்யூ.லைட் தரவுத்தளத்தின் சோதனை நிரல்கள், அதன் மூல நிரலைப் போல் ஏறத்தாழ 590 மடங்கு. 2014 ஏப்ரலில் உலகின் இணையதளங்களை நடுங்கவைத்த ஹார்ட்பிளீட் என்ற குறை, இணையத் தொடர்பை மறையாக்கிக் காக்கும் ஓபன் எஸ்.எஸ்.எல். நிரலில் நீளத்தைச் சரிபார்க்காத ஒரு தவறு. தங்கள் மகளின் 24 எழுத்துத் தவறுக்கு ஒன்றுவிட்ட உறவு என்றே சொல்வேன். இரண்டாண்டு காலம் அது யார் கண்ணிலும் படவில்லை.

சம்பளம் இவ்வளவு வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கொடுப்பவரிடம் பணத்தையும் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன மென்பொருள்கள் அனைத்தும் இலவசம். ஆறு மாதம் இதில் உழைத்து, யாரும் படித்துத் திருத்தக்கூடிய திறந்த மூல நிரல் ஒன்றில் அவள் கண்டறிந்து திருத்திய ஒரு பிழையாவது பொதுவில் காட்டும்படி இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவளே செயற்கை நுண்ணறிவுதான் வேண்டும் என்றால் பேசலாம், ஆனால் அப்போதும் சீட்டுப் பணத்தில் வேண்டாம். சீட்டு முடியும் வரை மாதாமாதம் கட்டப்போவது தாங்கள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று நான் அவளிடம் கேட்ட கேள்விகளில் மூன்றுக்குத் தங்கள் அண்ணன் பதில் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது, அந்தப் பெயர்ப் பட்டியல் நிரல் மீது சானிடைசர் தரும் அறிக்கையை அச்செடுத்து வரச் சொல்லுங்கள். அதை அவள் வரிவரியாக எனக்கு விளக்கட்டும். மாமாவும் தாராளமாக வரலாம். விளக்கி முடிக்கும் வரை அவர் வெளியே திண்ணையில் இருக்கட்டும்.