பூக்கும் செர்ரி ஏன் காய்ப்பதில்லை?

கேள்வி: டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறோம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பின்வளவில் நட்ட ‘பிங்’ வகைச் செர்ரி மரம் மூன்று இளவேனில்களாக நிறையப் பூக்கிறது. ஆனால் பயறளவுப் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகின்றன. மரத்தைத் தறித்துவிட்டு வேறொன்று நடலாமா? நட்டால் எப்படிப் பராமரிப்பது?

பதில்: தறிக்க வேண்டாம். நீங்கள் கூறும் அறிகுறிகளைப் பார்த்தால், இது பெரும்பாலும் நோயன்று. மரத்துக்குத் துணை இல்லை என்பதே காரணம். பிங் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத வகை. தன் மரத்து மகரந்தம் பூவின் பெண்ணுறுப்பு நுனியான சூல்முடியில் விழுந்தாலும், அதிலிருந்து சூலகத்தை நோக்கி வளரும் மகரந்தக்குழாய் சூல்தண்டின் பாதியிலேயே நின்றுவிடும். கருவுறாத பிஞ்சுகளை மரம் சில வாரங்களில் உதிர்த்துவிடும். அருகில் வேறொரு செர்ரி இருந்தால் மட்டும் போதாது. பிங், லாம்பர்ட், நெப்போலியன் ஆகிய மூன்று செர்ரி வகைகளும் மகரந்த அளவில் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பதால், மூன்றையும் ஒரே வளவில் நட்டாலும் ஒன்றுக்கொன்று உதவா. டொரொன்டோவின் ஹை பார்க் பூங்காவில் மக்கள் கூடிப் பார்க்கும் அலங்காரச் செர்ரி போன்ற ஒன்று பக்கத்து வீட்டில் பூத்தாலும் அதை நம்பியிருக்க முடியாது.

ஆயினும் உறைபனியும் இதே விளைவைத் தரக்கூடும். விரிந்த பூக்களில் ஒரு பங்கு சுமார் -2 பாகை செல்சியஸிலேயே கருகும். -4 பாகையில் பெரும்பாலானவை அழியும். உறைபனி பெய்த மறுநாள் சில பூக்களைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள். இதழ்கள் வெண்மையாக இருந்தும் நடுவிலுள்ள சூலகம் கறுத்திருந்தால் குற்றவாளி குளிர்தான். சூலகம் பச்சையாகவே இருந்தும் பிஞ்சு நிலைக்கவில்லை என்றால், வேறு வகை இனிப்புச் செர்ரி வளர்ப்பவரிடம் பூத்த கிளைகள் சிலவற்றைக் கேட்டு வாங்கி, தண்ணீர் வாளியில் இட்டு, தேனீக்கள் பறக்கும் வெயில் நாளில் உங்கள் மரத்தின் நடுவே கட்டித் தொங்கவிடுங்கள். அந்த ஆண்டு பிஞ்சு பிடித்தால் ஐயம் தீர்ந்தது.

நிரந்தரத் தீர்வு இரண்டாவது மரம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சம்மர்லாந்து ஆய்வு நிலையம் 1968இல் வெளியிட்ட ‘ஸ்டெல்லா’, அதே நிலையத்தின் ‘லாபின்ஸ்’ ஆகியவை தனித்து நின்றே காய்ப்பவை. பிங்குக்கும் மகரந்தம் தருபவை. வளவு சிறிதானால் மரத்தைக் குட்டையாக வைக்கும் ‘கிசெலா 5’ என்னும் வேர்ச்செடியில் ஒட்டிய கன்றைக் கேட்டு வாங்குங்கள். புளிப்புச் செர்ரியான ‘மான்ட்மோரன்சி’யும் தனியாகக் காய்க்கும், ஆனால் அது பிந்திப் பூப்பதால் பிங்குக்குப் பயன்படாது. தொடக்கத்திலேயே என்னைக் கேட்டிருந்தால், ஒரே மரத்துக்கு மட்டும் இடமுள்ள வீட்டுக்கு மான்ட்மோரன்சியைத்தான் சொல்லியிருப்பேன். மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்று பழகிய நாக்குக்கு அந்தப் புளிப்பு குறையாகத் தோன்றாது.

நடுவதில் பெரும்பாலும் பிழையாவது வடிகால். செர்ரியின் வேர் தேங்கிய நீரைப் பொறுக்காது. ஒரு அடி ஆழத்தில் குழி தோண்டி நீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நீர் நின்றால் அங்கே நட வேண்டாம். களிமண்ணில் குழி வெட்டி உரமண்ணை நிரப்புவது, அடியில் ஓட்டையில்லாத பானைக்குள் மரம் நடுவதற்கு ஒப்பானது. சுற்றியுள்ள மழைநீரெல்லாம் அந்தக் குழிக்கே வந்து சேரும். அதைவிட, ஒன்று முதல் ஒன்றரை அடி வரை மண்ணை அகலமாக மேடாக்கி அதன்மேல் நடுவது மேல். நிலம் உருகியதும், மொட்டு விரியும் முன்பே நட்டுவிட வேண்டும்; நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடமாக இருக்கட்டும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் நான்கு விரற்கிடை தெரிய வேண்டும். அது புதைந்தால் மேலே ஒட்டிய மரம் தானே வேர்விட்டு உயர்ந்து வளரும்; குட்டை மரத்துக்காகக் கொடுத்த விலை வீணாகும்.

முதல் இரண்டு கோடைகளில் மழை பொய்க்கும் வாரங்களில் ஆழமாக ஒருமுறை நீர் ஊற்றினால் போதும். வேரடி மண்ணை மூடும் மூடாக்கு இடும்போது தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலக்கி இடுங்கள். கோடையின் பிற்பாதியில் தழைச்சத்து உரம் வேண்டாம். அப்போது துளிர்க்கும் இளங்கிளை முதிரும் முன்பே பனி வந்துவிடும். கவாத்தை மழையில்லாத உலர்ந்த நாளில் செய்யுங்கள். ஈர வெட்டுக்காயத்தின் வழியே பாக்டீரியா புகுந்தால் பட்டை வெடித்துப் பிசின் வடியும். குளிர்காலத்துக்கு முன் தண்டைச் சுற்றிக் கம்பி வலை கட்டினால் முயல் பட்டையைக் கொறிக்காது.

காய் நிறம் மாறத் தொடங்கும் நாளிலேயே பறவை வலையைப் போர்த்துங்கள். இரண்டு நாள் தாமதித்தால் ராபின் பறவைகள் முந்திக்கொள்ளும். பழத்தை இழுத்துப் பறிக்காமல், காம்போடு சேர்த்து மெல்லத் திருகி எடுங்கள். அடுத்த ஆண்டின் பூமொட்டுகள் பழம் தொங்கும் அதே குறுங்கிளைகளில்தான் இருக்கின்றன. அவசரத்தில் குறுங்கிளை முறிந்தால் அந்த இடத்தில் மறுபடி பூ வராது.